டைனோசார் அடைகாத்த ஆண்டு விழா

எங்கள் காலத்துப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பெண் பார்த்த கதை இருக்கும். காபியை மாப்பிள்ளையின் வேட்டியில் கொட்டியவள், பாடச் சொன்னபோது பதற்றத்தில் தேசிய கீதம் பாடியவள் (வந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்க வேண்டியதாகிவிட்டதாம்), மாப்பிள்ளை என்று நினைத்து மாப்பிள்ளையின் அண்ணனைப் பார்த்து வெட்கப்பட்டவள் என்று கல்யாண வீடுகளில் ஆளுக்கொன்று சொல்வார்கள். நானும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் “உன் கதை என்ன?” என்று என்னிடம் வருவார்கள்.

“எங்க மாமியார் என்னை மொதமொதல்ல பாத்தப்ப, நான் முட்டை மேல உக்காந்திருந்தேன்” என்பேன். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் வேறு யார் கதையும் எடுபடாது.

நடந்தது அறுபதுகளில். எனக்குச் சொந்த ஊர் நாமகிரிப்பேட்டை. அப்பாவுக்கு மஞ்சள் வியாபாரம். எங்கள் சொந்தபந்தத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான். விலங்கியல் படித்து முடித்து, சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். படிப்பு தலைக்கேறிவிட்டது என்பார்களே, எனக்கு அது தலையையும் தாண்டிக் கொண்டையில் போய் உட்கார்ந்திருந்தது. கரப்பான்பூச்சியைக் கண்டால் மற்ற ஆசிரியைகள் அலறுவார்கள். நான் அதன் லத்தீன் பெயரைச் சொல்லிவிட்டு அலறுவேன்.

இதனாலோ, நெடுநெடுவென்று வளர்ந்திருந்ததாலோ, வந்த இரண்டு வரன்களும் “பொண்ணு கொஞ்சம் பெருசுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். (வயதில் பெரிசா, உருவத்தில் பெரிசா, வாய்ப்பேச்சில் பெரிசா என்று விளக்கவில்லை.) அம்மா வெளிப்படையாகவே கவலைப்பட்டாள். அப்பா, நான் சேலத்துக்கு பஸ் ஏறும்போதெல்லாம், “சாமி, கொஞ்சம் குனிஞ்சு நடந்தாத்தான் என்ன?” என்று மட்டும் கேட்பார்.

அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்கு என்னென்ன நிகழ்ச்சி வைப்பது என்று தலைமையாசிரியை கூட்டம் போட்டார். அவரை எல்லாரும் மதர் என்றுதான் கூப்பிடுவோம். கும்மி, கோலாட்டம், மாறுவேடம் என்று மற்ற ஆசிரியைகள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன்.

“டைனோசார் நாடகம், மதர்.”

“டைனோசாரா? அது எதற்கு?”

“தாய்மையைக் காட்டலாம், மதர்.”

“தாய்மைக்கு மாதா இல்லையா, தங்கமணி?”

நான் விடவில்லை. பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் டைனோசாருக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மங்கோலியப் பாலைவனத்தில் கல்லாகிப்போன முட்டைகளைக் கண்டெடுத்தார்களாம். அவை வட்டமாக, யாரோ நடுவில் உட்கார்ந்துகொண்டு சுற்றிலும் அடுக்கியதுபோல இருந்தனவாம். அந்தக் கூட்டின் மேலேயே, பல் இல்லாத ஒரு டைனோசாரின் எலும்புக்கூடும் கிடந்ததாம். முட்டை திருட வந்த இடத்தில் செத்துப்போன திருடன் அது என்று போட்டிருந்தது. அப்படியானால் முட்டையிட்ட தாய் எங்கே போனாள்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த இல்லாத ஒரு வரியை நான் நாடகமாக எழுதிவிட்டேன். தாய் எங்கேயும் போகவில்லை, முட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள், திருடன் வந்தான், விரட்டினாள், குஞ்சு பொரிந்தது. இதுதான் கதை.

மதர் கைப்பிரதியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஊர்வன முட்டையிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடும் என்றுதானே நீ வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறாய்?”

“முதலை காவல் இருக்கும், மதர். மலைப்பாம்பு முட்டையைச் சுற்றிப் படுத்து அடைகாக்கும்.”

“டைனோசார்?”

“அதுவும் உட்கார்ந்திருக்கும்.”

“நீ பார்த்தாயா?”

“யாருமே பார்க்கவில்லை, மதர். அதனால் தைரியமாகச் சொல்லலாம்.”

மதர் சிரித்துவிட்டார். அனுமதி கிடைத்துவிட்டது.

டைனோசாரை உருவாக்குவதில் இறங்கினோம். கூடை முடைகிறவர் ஒருவரிடம் சொல்லி, ஓர் ஆள் உள்ளே நுழைந்து நடக்கிற மாதிரி மூங்கில் கூடு ஒன்று செய்து வாங்கினேன். அதன்மேல் போர்த்தித் தைக்க, அப்பாவின் மண்டியிலிருந்து பழைய மஞ்சள் சாக்குகள் வந்தன. சாக்குகளை நன்றாக உதறச் சொன்னேன். மாணவிகளும் உதறினார்கள். (உதிர்ந்தது பாதிதான் என்பது அப்புறம் தெரிந்தது.) வாலுக்குள் வைக்கோல் திணித்தோம். கழுத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது எனக்கு ஒரு அபாரமான யோசனை வந்தது. பெரிய கறுப்புக் குடை ஒன்றை மடித்தபடி சாக்குக்குள் நுழைத்து, அதன் நுனியில் அட்டையில் செய்த தலையை மாட்டினேன். உள்ளே இருப்பவர் குடையின் பிடியைப் பிடித்து ஆட்டினால் தலை ஆடும். கண்களுக்கு சைக்கிளின் சிவப்புக் கண்ணாடி. எல்லாம் முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், காமாலை வந்த எருமை மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் அது டைனோசாராகவே தெரிந்தது.

முட்டைகள் மண்சட்டிகள். கவிழ்த்து வைத்துச் சுண்ணாம்பு அடித்தோம். பொரிக்கப்போகிற பெரிய முட்டைக்கு, கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடைமேல் காகிதம் ஒட்டினோம். அதற்குள் ஒன்றாம் வகுப்பு லில்லி உட்கார்ந்திருப்பாள். கடைசிக் காட்சியில் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, “அம்மா, நான் வந்துட்டேன்!” என்று சொல்லவேண்டும். தாய் வேடத்துக்குப் பள்ளியிலேயே உயரமான ராஜேஸ்வரி. திருடன் வேடத்துக்கு லூர்து மேரி.

இங்கே இப்படி இருக்க, நாமகிரிப்பேட்டையில் என் தாய்மாமன் எனக்குத் தெரியாமல் வேறொரு நாடகத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார். ஜேடர்பாளையத்துப் பக்கத்தில் ஒரு குடும்பம். ஆற்றுப் பாசனத்தில் வாழையும் வெற்றிலையும். ஒரே பையன், சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறவன். பையனின் அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதானாம்.

“சிங்காரிச்சுக் கொண்டாந்து உக்கார வெச்ச பொண்ணைப் பாத்து என்னங்க தெரியும்? நாம பாக்கறது அந்தப் புள்ளைக்குத் தெரியக்கூடாதுங்க. சும்மா இருக்கையில எப்படி நடக்குது, எப்படி உக்காருது, நாலு பேருகிட்ட எப்படிப் பேசுதுன்னு பாக்கோணும்.”

மாமா உடனே, “பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா வருதுங்க. வாத்தியாரம்மா இல்லீங்களா, அடக்கமா ஒரு ஓரத்துல நின்னுட்டிருக்கும். பாத்துட்டு வந்துடலாமுங்க” என்று சொல்லியிருக்கிறார்.

விழா நாள் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ராஜேஸ்வரியின் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“டீச்சர், புள்ளைக்கு மணல்வாரி அம்மை போட்டிருச்சுங்க. வாசல்ல வேப்பிலை கட்டியாச்சு.”

வேறு ஒரு மாணவியைக் கூட்டுக்குள் நுழைத்துப் பார்த்தோம். அவள் குள்ளம். கால் வெளியே தெரியவில்லை, கூடு ஆமைபோல நகர்ந்தது. இன்னொருத்தியை நுழைத்தோம். அவள் உள்ளே இருந்தபடியே அழ ஆரம்பித்துவிட்டாள். மதர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“நீ நல்ல உயரம், தங்கமணி” என்றார்.

என் உயரத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு அது. மயங்கிப்போய், சரி என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. கூட்டுக்குள்ளே ஒரே புழுக்கம். மூச்சை இழுத்தால் மஞ்சள் தூள், விட்டால் சாக்கு நாற்றம். கழுத்துக்குக் கீழே இருந்த ஒரு சின்ன ஓட்டை வழியாகத்தான் உலகம் தெரிந்தது. திரைக்குப் பின்னால் ஒரு மாணவி மைக்கில் விளக்கவுரை படிக்க, மைக் செட் கொர்ர் என்று கூடவே படித்தது.

நான் மேடைக்கு வந்தேன். முட்டைக் கூட்டை ஒருமுறை சுற்றினேன். சட்டிகளுக்கு நடுவே இடம் பார்த்து மெதுவாக உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது முன்வரிசையிலிருந்து பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் எழுந்து நின்று சத்தமாகக் கேட்டார்.

“ஏனுங்க, அத்தனை பெரிய ஒடம்பு ஏறி உக்காந்தா முட்டை ஒடைஞ்சு போகாதுங்களா?”

கூட்டம் சிரித்தது. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியவள். ஆனால் யாராவது சந்தேகம் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாத வியாதி எனக்கு அப்போதே உண்டு.

“ஒடையாதுங்க!” என்றேன் சாக்குக்குள்ளிருந்து. “முட்டையெல்லாம் சுத்தி வட்டமா அடுக்கியிருக்குதுங்க. நடுவுல எடம் உட்டு, அதுல உக்காந்துக்கும்!”

கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் மறைந்துபோன ஒரு விலங்கு, முதன்முதலாக வாயைத் திறந்து கொங்குத் தமிழில் பேசியிருக்கிறது!

அந்த அம்மாள் மட்டும் அசரவில்லை. “அப்பக் காலை எங்க வெச்சுக்குமுங்க?”

“மடக்கி வெச்சுக்குமுங்க!”

“தீனிக்கு எந்திரிச்சுப் போகோணுமில்லீங்க?”

“அம்மா, நீங்க மொதல்ல உக்காருங்க! பின்னால இருக்கற புள்ளைங்களுக்கு மறைக்குது!”

அவர் உட்கார்ந்துவிட்டார். என் வருங்கால மாமியாரை அதட்டி உட்கார வைத்துவிட்டேன் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

திருடன் வந்தான். லூர்து மேரி பிரமாதமாக நடிப்பாள். பதுங்கிப் பதுங்கி வந்து ஒரு சட்டியைத் தொட்டாள். நான் எழுந்து வாலைச் சுழற்றி அவளை விரட்ட வேண்டும். இந்த வால் சுழற்றலை ராஜேஸ்வரி ஒரு மாதம் பழகியிருந்தாள். நான் ஒரு தடவைகூடப் பழகவில்லை. சுழற்றினேன். வால் முதலில் முன்வரிசைச் சட்டிகளைத் துடைத்தது. அடுத்து மேடை ஓரத்தில் அலங்காரத்துக்குக் கட்டியிருந்த வாழைமரத்தைச் சாய்த்தது. சாக்கிலிருந்து மஞ்சள் தூள் புகைபோலக் கிளம்பி என் மூக்கில் ஏறியது.

தும்மினேன். அது சாதாரணத் தும்மல் இல்லை. அந்த அதிர்ச்சியில் கை குடையின் விசையை அமுக்கிவிட்டது. டப்பென்று தையல் பிரிந்து, டைனோசாரின் கழுத்து இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் குடை விரிந்து நின்றது. தலை எங்கேயோ பறந்துபோனது.

லூர்து மேரி நடிப்பை மறந்து, “ஐயோ மாதாவே!” என்று அலறிக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஓடினாள். எதிரியைக் கண்டால் டைனோசார் இப்படித்தான் விரியும்போல என்று நினைத்துக் கூட்டம் பலமாகக் கைதட்டியது. குடை விரிந்த வேகத்தில் நான் தடுமாறினேன். விழப்போகிறோம் என்று தெரிந்ததும் பிரிந்த தையல் வழியாக இரண்டு கைகளையும் நீட்டினேன். லில்லி இருந்த கூடை கைக்குள் வந்தது. அதைக் கட்டிப்பிடித்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தேன். மிச்சமிருந்த சட்டிகள் மடமடவென்று நொறுங்கின. என் கால்கள் இரண்டும் மேலே நின்றன.

திரைக்குப் பின்னாலிருந்த மாணவிக்கு இது எதுவும் தெரியாது. அவள் கணீரென்று கடைசி வரியைப் படித்தாள்: “இவ்வாறாக, பூமியில் நெடுங்காலம் வாழ்ந்த அந்தப் பேரினம் ஒருநாள் முற்றிலும் அழிந்துபோயிற்று.”

அதுதான் தனக்குச் சொன்ன நேரம் என்று நினைத்து, லில்லி காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தாள். “அம்மா, நான் வந்துட்டேன்!” என்று கைகளை விரித்தாள். கீழே கிடந்த என்னைப் பார்த்தாள். “டீச்சர் செத்துப் போயிட்டாங்க!” என்று ஓவென்று அழுதாள்.

திரையை இழுத்தார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கவிழ்ந்த வண்டு மாதிரி கால்களை உதைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஓர் இளைஞர் மேடைக்கு ஏறி வருவது ஓட்டை வழியாகத் தெரிந்தது. அவர் என்னை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தார், கவிழ்ந்த லாரியைப் பார்ப்பதுபோல.

“ஏனுங்க, உள்ளார எத்தனை பேருங்க?”

“ஒருத்திதான்! நீங்க மைக் செட்காரர்தானே?” என் ஆத்திரம் முழுவதும் அவர்மேல் திரும்பியது. “காலைலருந்து கொர்ருன்னு கத்துது, அதைச் சரிபண்ணத் துப்பில்லை, இங்க வந்து என்ன வேடிக்கை? வாங்கற கூலிக்கு வேலை செய்ய வேண்டாமா?”

அவர் மறுக்கவில்லை. “செரிங்க, அப்பறமாப் பாக்கறனுங்க. இப்பக் கயித்தை அவுத்துடட்டுங்களா?”

“அவுருங்க. வாலை மடக்காதீங்க! அடுத்த வருசத்துக்கு வேணும்.”

“மடக்கலீங்க.”

முடிச்சுகளை ஒவ்வொன்றாக லாவகமாக அவிழ்த்தார். மூங்கில் கூட்டின் ஒரு பக்கத்தை முதுகால் முட்டுக்கொடுத்துத் தூக்கினார். “நான் தூக்கிப் புடிச்சுக்கறனுங்க, நீங்க இந்தப் பக்கமா வந்துருங்க” என்றார். நான் நான்கு காலில் தவழ்ந்து வெளியே வந்தேன்.

வந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் மாமா. அவர் முகத்தில் உயிரே இல்லை. அவருக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைச் சேலை அம்மாள்.

“தங்கமணி… இவுங்க… ஜேடர்பாளையத்துப் பக்கமிருந்து…” என்று மாமா திணறினார். “உன்னைப் பாக்கறதுக்கு…”

எனக்கு விளங்க ஆரம்பித்தது. தலைமுதல் கால்வரை வேர்வையில் குழைந்த மஞ்சள். கொண்டையில் வைக்கோல். கன்னத்தில் சாக்கின் கோடு கோடான அச்சு. அந்த அம்மாள் கிட்டே வந்து என் கன்னத்தை ஒரு விரலால் துடைத்து, விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“மஞ்சள் பூசிட்டுத் தயாராத்தான் இருக்குது” என்றார். சிரிக்கிறாரா, கோபிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “அம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. போலாமுங்களா?”

திரும்பினேன். மைக் செட்காரர்!

சாக்குக்குள் மறுபடியும் புகுந்துகொள்ளலாமா என்று நான் தேடினால், அதையும் அவர் வாலை மடக்காமல் சுருட்டி, லாரியில் தார்ப்பாய் கட்டுவதுபோலக் கட்டி வைத்திருந்தார். இந்த நேரம் பார்த்து மதர் வந்தார். “மிக நன்றாக இருந்தது, தங்கமணி. முக்கியமாக அந்தக் குடை. அது விஞ்ஞானம்தானே?” என்றார்.

“ஆமாம், மதர்” என்று முனகினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். பள்ளியில் என்னைக் கண்டாலே ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் தும்மிக் காட்டின. ஊருக்குப் போனால் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது வரனும் போயிற்று என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த மைக் செட்காரருடைய முதுகும் பொறுமையும் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்ததுதான் தொந்தரவாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். “மச்சான், தெகைஞ்சிருச்சு! பொண்ணு புடிச்சிருக்குதுன்னு சொல்லி உட்டுட்டாங்க!”

அப்பாவால் நம்ப முடியவில்லை. “எதைப் பாத்துப் புடிச்சுதாமா?”

பையனின் அம்மா சொன்னதை மாமா அப்படியே ஒப்பித்தார். “கீழ உளுகும்போதுகூட அந்தச் சின்னப் புள்ளையைக் கட்டிப் புடிச்சுட்டுத்தானுங்க உளுந்துச்சு. எங்கூட்டுல ஒரு கோழிகூட இப்பிடி ஒழுங்கா அடை உக்காந்ததில்லீங்க. கேட்ட கேள்விக்கெல்லாம் வெவரமாப் பதில் சொல்லுச்சு. இதுக்கு மேல என்னங்க பாக்கறது?”

“பையன் என்ன சொன்னாராம்?” என்று அம்மா கேட்டாள்.

“என்னை இத்தனை வெவரமா யாரும் திட்டுனதில்லீங்கன்னாராம்.”

கல்யாணமாகி ஜேடர்பாளையம் போன பிறகு, ஒருநாள் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். லில்லியைக் காப்பாற்ற நான் கையை நீட்டவில்லை, விழும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்றுதான் நீட்டினேன், கிடைத்தது லில்லி. அத்தை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “அதையெல்லாம் வெளிய சொல்லிட்டிருக்காத சாமி” என்றார். அதோடு முடிந்தது. அதன் பிறகு அத்தையும் நானும் கொல்லையில் கோழிக்கு அடை வைக்கும்போதெல்லாம் டைனோசார்தான் பேச்சு. அது முட்டையைத் திருப்பிப் போடுமா, மழை வந்தால் என்ன செய்யும், ஆண் துணைக்கு இருக்குமா என்றெல்லாம் கேட்பார். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை இன்னும் தெளிவாகச் சொல்வேன்.

என் முதல் பிரசவம் நாமக்கல்லில். வெளியே உட்கார்ந்திருந்த அத்தை, கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸைப் பார்த்து, “ஏனுங்க, பொரிச்சாச்சுங்களா?” என்று கேட்டாராம். அந்த நர்ஸ் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் அம்மாவுக்கு மனநிலை எப்படி என்று விசாரித்திருக்கிறார்.

வெகு காலம் கழித்துப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. மங்கோலியாவில் கூட்டின்மேல் செத்துக் கிடந்ததே, அது திருடனே இல்லையாம். அந்த இனமே தன் சொந்த முட்டைகளைத்தான் அடைகாத்திருக்கிறது. முட்டைகளை வட்டமாக அடுக்கி, நடுவில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்துப் பொத்திக்கொண்டபடியே மண்ணில் புதைந்த எலும்புக்கூடுகள் கிடைத்திருக்கின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தைக்கு அப்போது நல்ல வயது, பார்வை மங்கியிருந்தது. சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

“இதைக் கண்டுபுடிக்க இத்தனை வருசமா?” என்றார் அத்தை. “நீ அன்னிக்கே சொன்னயில்ல. உக்காந்து பாத்தவளுக்குத் தெரியாதா?”

லூர்து மேரியும் அந்தச் செய்தியைப் படித்திருக்கிறாள். சேலத்திலிருந்து போன் பண்ணி, “டீச்சர், பெத்த தாயைப் போய் இத்தனை வருசமாத் திருடியா ஆக்கி வெச்சிருந்தீங்களே!” என்று சண்டை பிடித்தாள். இரண்டு பேரும் வெகு நேரம் சிரித்தோம்.

இப்போது வீட்டில் பேரன் பேத்திகள். நான் எந்த நாற்காலியில் உட்காரப் போனாலும் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: “ஆத்தா, பாத்து! முட்டை!” விருந்தாளிகள் திடுக்கிட்டுப் போவார்கள். என் கணவர் மட்டும் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல், “சுத்தி இருக்குதுங்க, நடுவுல உக்காரச் சொல்லுங்க” என்பார்.

நானும் குனிந்து பார்த்துவிட்டு, நடுவில்தான் உட்காருகிறேன்.